நீங்கள் லேட்டாக வந்த ஒரே நாள்

அன்புள்ள மேடம்,

இன்று காலை எங்கள் பள்ளி மைதானத்தில் விளையாட்டு விழாவுக்குக் கோடு போட்டுக்கொண்டிருந்தார்கள். அடியில் ஓட்டை போட்ட டப்பாவில் சுண்ணாம்புப் பொடியை நிரப்பி ஒரு பெண் தட்டித் தட்டி நடக்க, வெள்ளைக் கோடு அவள் பின்னாலேயே வளர்ந்துகொண்டு வந்தது. காற்று என் பக்கம் திரும்பியது. பொடி மூக்கில் ஏறி இரண்டு தும்மல் போட்டேன். மூன்றாவது தும்மலில் நீங்கள் வந்து எதிரே நின்றீர்கள், கையில் அந்த ஆம்பளைக் குடையோடு.

நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது. உங்களை நினைத்தால் எனக்கு முதலில் வருவது சிரிப்பு. இருக்கும்போது இதைச் சொல்லியிருந்தால் விளக்கம் கேட்டு மெமோ கொடுத்திருப்பீர்கள். இப்போது தைரியமாக எழுதுகிறேன்.

திருவண்ணாமலை தனி மாவட்டமாகிச் சில வருடங்களே ஆகியிருந்தன. மலையடிவாரத்தில் இருந்த அந்தப் பெண்கள் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக நான் சேர்ந்தபோது நீங்கள் அங்கே பல வருடமாகத் தலைமையாசிரியை. கீழ்பென்னாத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவீர்கள். பஸ் தவறினாலும் நீங்கள் தவற மாட்டீர்கள். ஒன்பது இருபதுக்கு மணி அடிக்கும். ஒன்பது இருபத்தொன்றுக்குக் கேட்டைச் சாத்தச் சொல்லி, உள்பக்கம் திருப்பிக் கட்டிய கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பீர்கள். அதற்குப் பின் வருகிற பெண்கள் பிரேயர் முடியும்வரை கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் தனி வரிசையில், எல்லார் கண்ணிலும் படும்படி நிற்க வேண்டும். "நேரத்துக்கு வரத் தெரியாதவளுக்கு அல்ஜீப்ரா எதுக்கு?" என்பீர்கள். மழைக் காலத்தில் அந்த வரிசை நீளும். நிற்பவர்களில் முக்கால்வாசிப் பேர் பள்ளிக்குத் தெற்கே தாழ்வில் இருந்த பள்ளத் தெருப் பெண்கள். எட்டாம் வகுப்பு வனிதாவுக்கு அங்கே நிரந்தர இடம்.

உங்களுக்குப் பள்ளியில் மிகவும் பிடித்தது எது என்று யாராவது கேட்டிருந்தால், சற்றும் யோசிக்காமல் சுற்றுச்சுவர் என்றிருப்பீர்கள். நான் வருவதற்கு முன்பே கட்டி முடித்தது அது. சுவர் இல்லாத காலத்தை நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஆடு வகுப்பறைக்குள் வந்து நோட்டைத் தின்னுமாம். சீட்டாடுகிறவர்கள் வராந்தாவில் படுத்திருப்பார்களாம். வெளியாட்களுக்குப் பயந்து பெரிய பெண்கள் காலையிலிருந்து சாயங்காலம்வரை கழிப்பறைப் பக்கமே போகாமல் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்களாம். பத்தாவதுக்கு முன்னாலேயே பாதிப் பேர் நின்றுவிடுவார்களாம். ஆறு வருடம் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கி அந்தச் சுவரை வாங்கினீர்கள். "இந்தச் செவுத்துக்கு நான் தேய்ச்ச செருப்பு எத்தினி ஜோடின்னு தெரியுமா?" என்று புதிதாகச் சேர்கிற ஒவ்வொரு டீச்சரிடமும் கேட்பீர்கள். என்னிடம் சேர்ந்த அன்றே கேட்டீர்கள்.

அந்த வருடம் மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. ஒவ்வொரு பள்ளியிலும் சுற்றுச்சூழல் மன்றம் தொடங்க வேண்டும், மாணவிகளுக்கு விழிப்புணர்வு ஊட்ட வேண்டும், அறிக்கை அனுப்ப வேண்டும். நீங்கள் அதைப் படித்துவிட்டு மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தீர்கள்.

"நீதானம்மா சயின்ஸ்? ஒரு செடிய நட்டு, போட்டோ எடுத்து அனுப்பிடு. போன வருஷம் வெட்டின குழி அப்படியேதான் இருக்கு. தோண்டற வேலையும் மிச்சம்."

எனக்கும் அப்போது அதற்கு மேல் தோன்றவில்லை. தகுதிகாண் பருவம் முடியாத வேலை. வம்பில்லாமல் முடிந்தால் சரி. மன்றத்துக்கு ஒன்பது பெண்கள் பெயர் கொடுத்தார்கள். முதல் கூட்டத்தில் ஏதாவது கேட்க வேண்டுமே என்று, "மலை மேல பெய்யற மழையெல்லாம் எங்க போகுது?" என்று கேட்டேன். ஒருத்தி எழுந்து, ஆவியாகி மேகமாகிறது என்று புத்தகத்தில் இருப்பதை ஒப்பித்தாள். பின்வரிசையிலிருந்து வனிதா சொன்னாள்:

"எங்க வீட்டுக்கு வருது டீச்சர்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. "நெஜமா டீச்சர். மழ வந்தா மலத்தண்ணி எங்க தெருவுக்குத்தான் வரும். அத எறச்சிக் கொட்டிட்டு வரதுக்குள்ள மணி அடிச்சிடறாங்க."

அடுத்த சனிக்கிழமை, செடி நட இடம் பார்க்கப் போகிறோம் என்று உங்களிடம் சொல்லிவிட்டு, ஒன்பது பேரையும் கூட்டிக்கொண்டு மலையடிவாரத்துக்குப் போனேன். அது முழுப் பொய் இல்லை மேடம், முக்கால் பொய். முந்தின வாரம் பெய்த மழையில் மணல் ஒதுங்கிய தடம், புல் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்த தடம், இவற்றை வைத்துத் தண்ணீர் எந்த வழியாக இறங்கியது என்று பார்த்துக்கொண்டே நடந்தோம். திரும்பி வரும்போது வழி மறந்துவிடக் கூடாது என்று பி.டி. டீச்சரிடம் கடன் வாங்கிய சுண்ணாம்புப் பொடியைத் தூவிக்கொண்டு போனோம். பொடி டப்பா வனிதா கையில்.

ரோட்டுக்கு அடியில் சிறிய பாலம். அதைத் தாண்டி ஒரு லாட்ஜின் பக்கவாட்டுச் சந்து. பிறகு முள் மண்டிய காலி மனை. பெண்கள் ரொம்ப உற்சாகமாக இருந்தார்கள். யாராவது ஒருத்தி, "இங்க திரும்புதுடீ!" என்று கத்துவாள், மற்ற எட்டுப் பேரும் ஓடுவார்கள். கிரிவலம் போய்க்கொண்டிருந்த ஒரு பெரியவர் நின்று, "இன்னாம்மா, புதையலா?" என்று கேட்டுவிட்டுப் போனார். காலி மனை முடிகிற இடத்தில் கோடு நின்றது. அதற்கு மேல் போக வழியில்லை. எதிரே நம் பள்ளியின் மேற்குச் சுவர்.

சுவரில் முட்டிய தண்ணீர் அதை ஒட்டியே தெற்கே திரும்பிப் பள்ளத் தெருவுக்குள் இறங்கியிருந்தது. தடம் தெளிவாக இருந்தது. நாங்கள் கேட் வழியாகச் சுற்றி உள்ளே வந்து அதே இடத்தில் புதரை விலக்கிப் பார்த்தோம். கல் பாவிய பழைய வாய்க்கால் ஒன்று சுவருக்கு அடியிலிருந்து கிளம்பி, மைதானத்தின் கீழ்க்கோடியில் இருந்த சின்னக் குளத்துக்குப் போனது. வனிதா அதன் மேலும் பொடியைத் தூவினாள். அந்தக் குளத்தில் தண்ணீரை நான் பார்த்ததே இல்லை. படிக்கட்டு நான்கு பக்கமும் இருக்கும். நடுவில் காய்ந்த தரை. பி.டி. டீச்சர் அதில் கோ-கோ மைதானம் போட்டிருந்தார். குளம் ஏன் வற்றியது என்று யாரைக் கேட்டாலும், "இப்பல்லாம் எங்க மழ, கம்மியாப் போச்சு" என்பார்கள். நீங்களும் அப்படித்தான் சொல்லியிருந்தீர்கள்.

ஒன்பது பெண்களும் என் முகத்தைப் பார்த்தார்கள். அவர்களுக்குப் புரிந்துவிட்டது. உங்கள் சுவர், மேடம்! சாயங்காலம் ஆகிவிட்டது. கோட்டைக் காலால் தேய்த்து அழித்துவிட்டால் யாருக்கும் தெரியாது என்று ஒரு நிமிடம் நினைத்தேன். செருப்பைக்கூட முன்னால் நகர்த்தினேன். வனிதா அதைப் பார்த்துவிட்டாள்.

"அழிச்சிடலாமா டீச்சர்?" என்றாள். கோபமாகக் கேட்கவில்லை. நான் சொன்னால் செய்துவிடுவாள். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

"வேணாம். இருக்கட்டும்," என்றேன்.

திங்கட்கிழமை காலை உங்கள் குரல் நான் கேட்டைத் தாண்டும் முன்பே கேட்டது. சுவருக்கு வெளியே கோடு எங்கே முடிகிறது, உள்ளே எங்கே தொடங்குகிறது என்று இரண்டு பக்கமும் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தீர்கள். என்னை அறைக்குள் கூப்பிட்டீர்கள். உட்காரச் சொல்லவில்லை.

"செடி நடச் சொன்னா செவுத்த இடிக்கச் சொல்றியா?"

"இடிக்கணும்னு சொல்லல மேடம். தண்ணி வர வழி..."

"எனக்குத் தெரியாதா வழி? இந்தச் செவுரு இல்லாதப்ப எந்த வழியா எவன் எவன் வந்தான்னு உனக்குத் தெரியுமா? ஆறு வருஷம்! நீ அப்ப காலேஜ்ல இருந்திருப்ப." மேசை மேலிருந்த பேப்பர் வெயிட்டை எடுத்து வைத்தீர்கள், திரும்ப எடுத்து வைத்தீர்கள். "மன்றமாம் மன்றம். நாளையோட கலைச்சிடு. போ."

வெளியே வந்து அழுதேன். பி.டி. டீச்சர் தண்ணீர் கொடுத்து, "பொடி நான் குடுத்தேன்னு சொல்லிடலையே?" என்று கேட்டார். அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது.

அன்று சாயங்காலம் பிடித்த மழை விடியும்வரை கொட்டியது. மறுநாள் காலை நான் நனைந்துகொண்டு பள்ளிக்கு வந்தால் கேட்டில் நீங்கள் இல்லை. ஒன்பது இருபதுக்கு மணி அடித்தது. கேட்டைச் சாத்துவதா வேண்டாமா என்று வாட்ச்மேன் என்னைப் பார்த்தார், நான் உதவித் தலைமையாசிரியையைப் பார்த்தேன், அவர் வானத்தைப் பார்த்தார். உங்களுக்கு உடம்பு சரியில்லை, பஸ் கவிழ்ந்துவிட்டது, டிரான்ஸ்பர் வந்துவிட்டது என்று ஆளுக்கு ஒன்று பேசிக்கொண்டோம். கடைசியில் நீங்கள் இல்லாமலேயே பிரேயர் தொடங்கியது.

நீங்கள் அப்போது எங்கே இருந்தீர்கள் என்பதை வனிதாவின் அம்மா பிறகு எனக்கு நடித்தே காட்டினார். ஏழரை மணிக்கே பஸ்ஸைவிட்டு இறங்கி நேராக மலையடிவாரத்துக்குப் போயிருக்கிறீர்கள். கோடு கரைந்துவிட்டது. ஆனால் அதே தடத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. புடவையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகிக்கொண்டு, செருப்பை ஒரு கையிலும் குடையை இன்னொரு கையிலும் பிடித்துக்கொண்டு, தண்ணீரோடு தண்ணீராக நடந்து சுவர்வரை வந்து, அங்கிருந்து அது திரும்புகிற பக்கமே நீங்களும் திரும்பிப் பள்ளத் தெருவுக்குள் போயிருக்கிறீர்கள். வீட்டு வாசலில் தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்த வனிதாவின் அம்மா உங்களைப் பார்த்துக் குண்டானைக் கீழே போட்டுவிட்டாராம்.

"எவ்ளோ ஏறும்?" என்று கேட்டீர்களாம். அவர் சுவரில் கறை படிந்த இடத்தைக் காட்டினார். முழங்கால் உயரம்.

"எத்தினி வருஷமா?"

"உங்க இஸ்கோல் செவுரு கட்டனதுலேர்ந்துதான் டீச்சரம்மா."

"ஏன் வந்து சொல்லல?"

"எப்படிச் சொல்றது? செவுரு வந்தப்புறம்தான் என் பெரிய பொண்ணு பத்தாவது முடிச்சா. நல்லது ஒண்ணு வந்துச்சே, போதும்னு வாய மூடிக்கினு இருந்தோம்."

பிறகு உள்ளே எட்டிப் பார்த்து, "வனிதா, பைய எடு. நேரமாச்சு," என்றீர்களாம்.

பிரேயர் பாதி நடந்துகொண்டிருந்தது. கேட் திறந்தது. நனைந்த பள்ளத் தெருப் பெண்கள் பதினைந்து இருபது பேர் உள்ளே வந்தார்கள். அவர்களுக்கு நடுவே நீங்கள். கஞ்சி போட்ட காட்டன் புடவை இடுப்புவரை சேறு. எப்போதும் மேடையில் ஏறி நிற்கிற நீங்கள் மேடைப் பக்கம் திரும்பவே இல்லை. கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் அந்தப் பெண்கள் வரிசையாக நிற்க, வரிசையின் கடைசியில் போய் நீங்களும் நின்றீர்கள். கையைக் கட்டிக்கொண்டு!

பாட்டு தானாக நின்றுவிட்டது. உதவித் தலைமையாசிரியை ஓடி வந்து, "மேடம், மேல வாங்க," என்றார்.

"பிரேயர் முடியட்டும். நானும் லேட்டுதான்," என்றீர்கள்.

முடிந்த பிறகு மேடை ஏறிப் பேசினீர்கள். மூன்றே வாக்கியம். எனக்கு அவை மனப்பாடம். "இத்தினி வருஷமா இந்தப் பசங்களை லேட்டுன்னு நிக்க வெச்சேன். இவங்க லேட்டா வந்ததுக்குக் காரணம் நான் கட்டின செவுரு. அத ஒன்பது பசங்க நடந்து போய்க் கண்டுபிடிச்சிருக்காங்க, நான் இத்தினி வருஷம் கேட்டுல நின்னும் கண்டுபிடிக்கல." அறைக்குப் போகிற வழியில் என் பக்கம் திரும்பி, "மன்றம் கலைச்சிட்டியா?" என்றீர்கள்.

"இன்னும் இல்ல மேடம்."

"சொன்ன வேலைய ஒழுங்கா செய்யற பழக்கம் உனக்குக் கெடையாது," என்றீர்கள். உங்களிடமிருந்து நான் வாங்கிய முதல் பாராட்டு அது.

சுவரும் வேண்டும், தண்ணீரும் வர வேண்டும். அதற்கு நீங்கள் பட்ட பாடு தனிக் கதை. சுவரின் அடியில் மூன்று வாய் திறந்து கம்பி வைக்கலாம் என்று முடிவு செய்தீர்கள். அனுமதி கேட்டு எழுதினால் பதில் வர அடுத்த மழை வந்துவிடும் என்று, 'சுவரில் ஓதம் ஏறுவதால் பழுதுபார்ப்பு' என்று எழுதி அனுப்பிவிட்டு வேலையைத் தொடங்கினீர்கள். பள்ளத் தெருவில் இரண்டு கொத்தனார்கள் இருந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுத் தெருவும் வந்தது. ஆள் நுழையக் கூடாது, ஆடும் நுழையக் கூடாது என்பது உங்கள் கட்டளை. கம்பி வைத்து முடித்ததும் கொத்தனார், "எறும்புகூட வராதும்மா," என்றார். நீங்கள் நம்பவில்லை. வனிதாவின் அம்மாவிடம் சொல்லி ஒரு ஆட்டுக்குட்டியைக் கொண்டுவரச் செய்து, சுவருக்கு அந்தப் பக்கம் விட்டு, இந்தப் பக்கம் நின்று நீங்களே முருங்கைக் கீரையைக் காட்டினீர்கள். குட்டி தலையை நீட்டியது, தோளை நுழைத்தது, ஒரு உதறு உதறி உள்ளே வந்து உங்கள் கையிலிருந்து கீரையைப் பிடுங்கித் தின்றது. தெருவே சிரித்தது. "இன்னொரு கம்பி வைங்க," என்று மட்டும் சொன்னீர்கள், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

அந்த ஐப்பசியில் குளத்துக்குத் தண்ணீர் வந்தது. மூன்றாவது பீரியட். முதலில் சத்தம் கேட்டது, பிறகு செம்மண் நிறத்தில் நுரையோடு வாய்க்காலில் ஓடி வந்தது. பள்ளியே ஜன்னலுக்கு ஓடியது. விடுமுறை விடுவீர்கள் என்று எல்லாரும் எதிர்பார்த்தோம். நீங்களாவது விடுவதாவது! "ஒவ்வொரு கிளாஸா, வரிசையா, பத்து பத்து நிமிஷம்," என்று உத்தரவு போட்டு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு கரையில் நின்றீர்கள். ஆறாம் வகுப்புக் குழந்தைகள் போன பிறகும் நீங்கள் மட்டும் அங்கேயே நின்றதை மாடியிலிருந்து பார்த்தேன். பத்து நிமிடத்துக்கு மேலேயே நின்றீர்கள். பி.டி. டீச்சர்தான் பாவம், மூழ்கிக்கொண்டிருந்த கோ-கோ மைதானத்தைப் பார்த்து, "என் பொடி, என் கோர்ட்டு, ரெண்டும் போச்சு," என்று புலம்பினார்.

மன்றத்தின் அறிக்கையாகப் பெண்கள் வரைந்த தண்ணீர் வழி வரைபடத்தை அனுப்பினோம். 'செடி நட்ட புகைப்படம் இணைக்கப்படவில்லை' என்று திரும்பி வந்தது. நீங்கள் தலையில் அடித்துக்கொண்டு போன வருடக் குழியில் ஒரு புங்கங்கன்றை நட்டுப் போட்டோவுக்கு நின்றீர்கள். அதில் உங்கள் முகத்தைப் பார்த்தால் செடிக்கே மெமோ கொடுப்பதுபோல் இருக்கும்.

அதோடு எல்லாம் சுபம் என்று சொல்ல முடியாது. பௌர்ணமிக் கூட்டம் வருடத்துக்கு வருடம் ஜாஸ்தியானது. ஒவ்வொரு பௌர்ணமிக்கும் மறுநாள் பிளாஸ்டிக் கப் வந்து உங்கள் கம்பியை அடைக்கும். மன்றத்துப் பெண்கள் முறை வைத்துக்கொண்டு அள்ளினார்கள். சில மாதம் சலித்துப்போய் விட்டுவிடுவார்கள், பள்ளத் தெருவில் மறுபடி தண்ணீர் ஏறும், மறுபடி தொடங்குவோம். நீங்கள் ஓய்வுபெற்ற பிறகும் மழை நாளில் எனக்குப் போன் செய்து, நலம் விசாரிப்பதற்கு முன்னால், "கம்பிய பாத்தியா?" என்று கேட்பீர்கள். வனிதா இப்போது பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாள். உங்கள் செய்தியை எனக்குச் சொன்னவள் அவள்தான். "ஹெச்.எம். அம்மா போயிட்டாங்க டீச்சர்," என்று சொல்லிவிட்டு அழுதாள்; அழுகைக்கு நடுவே, "எங்க லைன்ல வந்து நின்னாங்களே," என்றாள்.

நான் இப்போது வேறொரு பள்ளியில் உங்கள் நாற்காலியில் இருக்கிறேன். போன வருடம் பாடுபட்டு முன்வாசல் முழுக்கச் சிமெண்டுக் கல் பதித்தேன். சேறு இல்லை, தூசி இல்லை, பெற்றோர் பாராட்டினார்கள். போன வாரம் ஏழாம் வகுப்புப் பெண்கள் ஏழு பேர் என் அறைக்கு வந்தார்கள். வாசலில் இருக்கும் வேப்பமரம் இலை உதிர்க்கிறது, அதன் வேருக்குத் தண்ணீர் போகவில்லை, காரணம் நான் பதித்த கல் என்றார்கள். ஒரு பக்கெட் தண்ணீரையும் கையோடு கொண்டுவந்து என் கண் முன்னால் மரத்தடியில் ஊற்றினார்கள். ஒரு சொட்டு உள்ளே இறங்கவில்லை. அத்தனையும் கேட் வழியாக ரோட்டுக்கு ஓடியது.

எனக்கு வந்த கோபத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும் மேடம். "இந்தக் கல்லுக்காக நான் எத்தனை பேர்கிட்ட நின்னேன்னு தெரியுமா?" என்று கத்தினேன். கத்தி முடித்த பிறகுதான் அது யாருடைய வாக்கியம் என்று தெரிந்தது. அந்த ஏழு பேரும் பக்கெட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நான் பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டேன். இரவெல்லாம் அவர்கள் மேல் கோபமாகத்தான் இருந்தேன். இந்த வயதிலும் எனக்குக் கோபம் வராமல் போகவில்லை. அதற்கு உங்களிடம் மருந்தும் இல்லை. ஆனால் கோபம் வந்த மறுநாள் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். அதைச் செய்த ஒருவரை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

காலையில் அவர்களைக் கூப்பிட்டு, மரத்தைச் சுற்றி எத்தனை வரிசைக் கல்லை எடுக்க வேண்டும் என்று கேட்டேன். நாலு என்றார்கள். மூன்று போதாதா என்றேன். போதாது என்றார்கள். இந்தச் சனிக்கிழமை எடுக்கிறோம். முதல் கல்லை நானே கடப்பாரையால் நெம்புகிறேன் என்று சொன்னதற்கு ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிக்கட்டும்.

என்றும் உங்கள்,
சொன்ன வேலையை ஒழுங்காகச் செய்யாத சயின்ஸ் டீச்சர்